புருவப் பென்சில் திருத்தம்

முடி வெட்ட ஓர் உரிமம்.
முடி வெட்டக் கற்றுத்தர இன்னோர் உரிமம்.
இரண்டுக்கும் நடுவில்,
வாரியத்தின் மூன்றாம் மாடியில், என் மேசை.
சன்னலுக்கு வெளியே நெப்ராஸ்கா,
அதாவது பெரும்பாலும் வானம்.

ஒத்திலியா ஒர்தூஞோவின் கோப்பு
மார்ச்சில் வந்தது, லேசான சேற்று வாடையோடு.
பதினேழு வருடம் கத்தரி பிடித்தவர்.
இறைச்சி ஆலையில் இரவு முறை முடிந்து
கையுறைத் தழும்போடு வரும் பெண்களுக்காக
காலை ஆறுக்கே கடை திறப்பவர்.
பயிற்றுநர் ஆவதற்கான மணிக்கணக்கில்
நாற்பத்தொன்று குறைந்தது.

குறையவில்லை என்றார் தொலைபேசியில்.
ப்ளாட் நதி பள்ளிக்குள் நுழைந்த வாரமாம் அது.
வருகைப் பதிவேட்டை ஆறு எடுத்துக்கொண்டது.
அலமாரியில் இருந்த பயிற்சித் தலைகள் முப்பதும்
கழுத்தோடு முடிந்துபோகும் பிறவிகள்.
அவற்றுக்கு எந்த வெள்ளமும் தலைக்கு மேல்தான்.
தலைக்கு மேல் போனபின் சாணென்ன, முழமென்ன.
விதிக்கு மட்டும்
சாண் வேறு, முழம் வேறு.

மெதடிஸ்ட் தேவாலயத்தின் கார் நிறுத்தத்தில்
பதினொரு மாணவிகளை நிற்கவைத்து
சேறேறிய முடியை எப்படி அலசுவது,
கிருமிநாசினி எவ்வளவு, எத்தனை நிமிடம்,
எந்தச் சீப்பைக் காப்பாற்றலாம்,
எதை யோசிக்காமல் எறிய வேண்டும் என்று
ஒரு வாரம் பாடம் நடத்தியிருக்கிறார்.
"உங்கள் பாடத்திட்டத்தின் இரண்டாம் பகுதி இதுதானே?"
இதுதான்.
ஆனால் உரிமம் பெற்ற கூரையின் கீழ் என்கிறது விதி.
வானத்துக்குப் பதிவு எண் இல்லை.

மறுத்தேன்.
கடிதத்தில் என் பெயர் வராது,
'வாரியம்' என்றுதான் கையெழுத்து.
தொண்ணூறு மைல் தள்ளி வேறொரு பள்ளியில்
நாற்பத்தொரு மணி நேரத்தையும்
மறுபடி முதலிலிருந்து நின்று முடித்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும்.
எனக்கு முடி வெட்டுவது என் மைத்துனன் டுவெய்ன்,
கராஜில், மீன்பிடிப் பெட்டிக்குப் பக்கத்தில்.
அவனிடம் இப்போது ஓட்டுநர் உரிமம்கூட இல்லை.

செய்முறைத் தேர்வின் அறிக்கை வந்தது.
மாணவியாக நடித்த தேர்வாளர்
வேண்டுமென்றே இடக்கையில் கத்தரியை எடுத்தாராம்.
விண்ணப்பதாரர் திருத்தவில்லை.
"நீங்கள் இடக்கைக்காரரா?" என்று கேட்டாராம்.
அதற்கு மதிப்பெண் போடக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்:
ஆம்.

நவம்பரில் உரிமம் அச்சானது.
எங்கள் இயந்திரத்துக்கு
அவர் பெயரிலுள்ள அந்த ஓர் எழுத்து தெரியாது.
திகைத்து, இடத்தை நிரப்பியது:
ஒர்தூ?ஓ.
புதிய எழுத்துரு கேட்டு நாங்கள் போட்ட விண்ணப்பம்
நான்கு வருடமாக வேறொரு மாடியில் காத்திருக்கிறது.

பத்து நாளில் கடிதம், உள்ளே உரிமத்தின் நகல்.
"கேள்விக்குறியோடு வகுப்பறைச் சுவரில் தொங்க
எனக்கு விருப்பமில்லை.
மறு அச்சுக்குக் கட்டணம் என்கிறீர்கள்.
அதனால் வெள்ளை மை தடவி எழுத்தை நானே எழுதி
அதன் மேல் வளைவை
புருவப் பென்சிலால் போட்டுவிட்டேன்.
அடர் பழுப்பு. தண்ணீரில் அழியாதது.
இது குற்றமா?"

குற்றம்தான்.
உரிமத்தில் கைவைத்தால் உரிமம் செல்லாது.
அந்தப் பக்கத்தை எடுத்துக் கடிதத்தோடு இணைக்கப் போனேன்.
ஸ்டேப்ளரில் ஊசி தீர்ந்திருந்தது.

நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரே இழுப்பு.
தடித்துத் தொடங்கி மெலிந்து முடிகிறது,
எங்கும் கை நடுங்கவில்லை.
எதையோ கண்டு
சற்றே உயர்ந்த புருவம்.

'பதில் தேவையில்லை' கட்டில் சேர்த்தேன்.

சனிக்கிழமை,
டுவெய்ன் பிடரியில் கத்தரியை வைத்தபோது
சீப்பை எதில் ஊறவைக்கிறாய் என்று கேட்டேன்.
எதுக்கு ஊறவைக்கணும், என்றான்.